கல்பாத்தியும் மூணாறும்: நாம் கண்ட இரண்டு வீடுகள்

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பார்கள் நம் பெரியோர். வாடகை வீடுகளிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலுமாக வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்ற டில்லித் தமிழர்க்கு இப்பழமொழியின் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வளை எத்தனை காலத்துக்கு நம்முடையது, முதுமையில் அதில் நமக்குத் துணை யார் என்னும் இரண்டு கேள்விகளை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. சென்ற விடுமுறையில் கேரளத்தின் எல்லைப் புறங்களில் பிரயாணம் செய்தபோது இவ்விரு கேள்விகளும் நம்மை விடாமல் தொடர்ந்தன. சங்கத்து அன்பர்களில் பலருக்கும் ஊரில் வயது முதிர்ந்த பெற்றோர் இருப்பார்கள் என்பதால், கண்டவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

நம் பிரயாணத்துக்குக் காரணங்கள் இரண்டு. நம் அலுவலக நண்பர் ஒருவருக்குப் பாலக்காட்டில் கல்பாத்தி சொந்த ஊர். அவருடைய தாயார், எழுபத்தைந்தைத் தாண்டியவர், அங்கே பூர்வீக வீட்டில் தனியே வசிக்கிறார். வீட்டுக்கு நல்ல விலை கேட்டு ஆள் வந்திருக்கிறது. அம்மையாருக்கோ விற்க மனமில்லை. "நீங்கள் போய் நயமாகச் சொல்லிப் பாருங்கள்" என்று நண்பர் வேண்டிக்கொண்டார். இஃது ஒன்று. மற்றொன்று நம் சொந்தக் காரியம். நம் தந்தையார் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தொழிலாளியாக இருப்பவர். அவர் ஓய்வு பெற நான்கு மாதங்களே இருந்தன. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பிறகு எங்கே இருப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது.

கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்த பின், கோயம்புத்தூரும் வாளையாறும் கடந்து, மலைத்தொடர் இரு பக்கமும் விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் வண்டி நுழைந்தது. பாலக்காடு சந்திப்புக்கு ஒலவக்கோடு என்பது பழைய பெயர். 1956இல் இங்கே ரெயில்வே டிவிஷன் ஏற்பட்டபோதும் அப்பெயராலேயே வழங்கிற்று. அங்கிருந்து கல்பாத்தி கூப்பிடு தூரமே.

கல்பாத்தி ஆற்றங்கரையில் விசுவநாதசுவாமி கோயில் இருக்கிறது. காசியிலிருந்து ஒரு விதவை அம்மையார் கொணர்ந்த லிங்கத்துக்குப் பாலக்காட்டு அரசர் 1425ஆம் ஆண்டையொட்டிக் கோயில் எடுப்பித்தார் என்பது தல வரலாறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று ஊரார் பெருமையோடு கூறுவர். கார்த்திகை பிறக்கும் நாட்களை ஒட்டி நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளெல்லாம் வந்து கூடுவார்கள். நாம் சென்றது திருவிழாக் காலமன்று. ஆகவே தெருவின் உண்மை முகத்தைக் காண முடிந்தது.

அக்கிரகாரத்து வீடுகளின் அமைப்பே தனி. தெருவுக்கு முகம் குறுகல். உள்ளே நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தெருக்கோடியில் நின்று பார்த்தால் நூறு வீடுகளுக்கும் ஒரே ஓட்டுக்கூரை போலத் தோன்றும்.

அவற்றில் பல கதவுகளில் இன்று பூட்டுத் தொங்குகிறது. இதற்குக் காரணம் ஒரு நாளில் ஏற்பட்டதன்று. இத்தெருக்காரர்களில் பலர் நெல்வயல்களின் பாட்டத்தை நம்பி வாழ்ந்தவர்கள். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து கேரளத்தில் குத்தகை முறையே ஒழிந்து, உழுதவனுக்கு நிலம் உரியதாயிற்று. அஃது உழுதவனுக்கு நியாயம். தெருவுக்கோ வருமானம் நின்றது. அதற்கு முன்பே கணக்கும் சுருக்கெழுத்தும் கற்று பம்பாய்க்கும் டில்லிக்கும் புறப்படத் தொடங்கிய பிள்ளைகள், பின்னர் அமெரிக்கா வரையில் சென்றுவிட்டனர். முதியோர் தங்கினர். கேரளம் முழுவதுமே இந்நிலையில்தான் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அவ்விகிதம் ஒன்பதுக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பில் கேரளத்தில் பூட்டிக் கிடந்த வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல்!

பழைய கல்பாத்தியும் புதிய கல்பாத்தியும் பாரம்பரியக் கிராமம் என்று அறிவிக்கப்பட்டுள்ளன. இதனால் தெருவின் அழகு காக்கப்படுகிறது. ஆனால் முகப்பை இடித்துக் கட்ட வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும். பழைய மரச்சட்டத்தையும் ஓட்டையும் செப்பனிடச் செலவும் அதிகம். தனித்திருக்கும் ஒரு முதியவரால் இவற்றையெல்லாம் சமாளிப்பது எளிதன்று. விற்றுவிட்டுக் கோயம்புத்தூரைச் சுற்றிப் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளில் ஒன்றுக்குப் போய்விடலாம் என்று பிள்ளைகள் கருதுவது இதனால்தான்.

நாம் சென்றபோது மாமி திண்ணையில் அமர்ந்திருந்தார்.

"வாங்கோ, டில்லியிலேருந்து வரேளா? வீட்டை விக்கச் சொல்லத்தானே பிள்ளை அனுப்பியிருக்கான்?" என்று கேட்டுச் சிரித்தார். நமக்கு நாக்குழறிற்று. காப்பி கொடுத்த பின் கூடத்துச் சுவரருகே நம்மை அழைத்துச் சென்று, கைவிரலால் இரு முறை தட்டினார்.

"முன்னெல்லாம் இப்படித் தட்டினா அடுத்த ஆத்துலேருந்து 'என்ன வேணும்'னு குரல் வரும். அம்பது வருஷம் அந்தத் தைரியத்துலேதான் இருந்தேன். இப்போ ரெண்டு பக்கமும் பூட்டு. வீட்டை வித்தா பணம் வரும். தட்டினா யார் வருவா, சொல்லுங்கோ?"

நாம் விடை கூறாது நின்றோம். மாமியே தொடர்ந்தார். "அதுக்காக நான் பேசாம இருக்கலே. மச்சை வாடகைக்கு விட்டிருக்கேன்."

மச்சில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸுகள் இருவர் குடியிருக்கின்றனர். வெளியில் கேட்கும் வாடகையில் பாதியைத்தான் மாமி வாங்குகிறார். நிபந்தனை ஒன்றே: இருவரில் ஒருவராவது இரவில் வீட்டில் இருக்க வேண்டும். நகரத்தில் வாடகை கட்டி மிச்சம் பிடிக்க முடியாத அப்பெண்களுக்கும் நன்மை, மாமிக்கும் துணை. இரவில் இருமல் கேட்டால் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கிறதாம். "பிள்ளை கிட்டே சொல்லுங்கோ, சுவர் இப்போ பேசறதுன்னு" என்றார். நண்பருக்காக நாம் எடுத்துச் சென்ற நியாயங்களையெல்லாம் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் பொள்ளாச்சிப் பாதையில் வண்டி ஏறினோம். மீட்டர் கேஜாக இருந்த இப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று செல்லும்போது, எந்த இடத்தில் மலையாளம் முடிந்து தமிழ் தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க இயலாது. உடுமலைப்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடித்தோம். சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர்ச் சந்தனக் காடு ஆகியவற்றைக் கடந்து மேலே ஏற ஏற, மலைச்சரிவெல்லாம் கத்தரித்துவிட்டாற்போன்ற தேயிலைப் பசுமை. உல்லாசப் பிரயாணிகள் இறங்கி நின்று புகைப்படம் எடுக்கின்றனர். அப்பசுமைக்கு நடுவே நீளமாகத் தகரக்கூரை போட்ட வரிசைகள் தெரிகின்றனவே, அவையே லயங்கள். நாம் பிறந்து வளர்ந்தது அத்தகைய லயம் ஒன்றில்தான்.

லயத்து வீடு என்றால் என்ன? முன்னே ஒரு சிறு தாழ்வாரம், ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்பங்கரை. அதற்குள் தாய், தந்தை, பிள்ளைகள், சில சமயம் பாட்டியும். இங்கேயும் அடுத்த வீட்டுக்கு ஒரே சுவர்தான். ஆனால் இந்தச் சுவரைத் தட்டவே வேண்டியதில்லை. பெருமூச்சு விட்டாலும் அடுத்த வீட்டில் கேட்கும்.

இம்மலைகளில் தோட்டம் தோன்றிய வரலாறு நீண்டது. 1877இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். காட்டை அழித்துத் தேயிலை நடத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே மலையேறினர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையில் ஒரு சிறு ரெயில் பாதைகூட இருந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. ரெயில்வேயில் சேர்ந்த நாள் முதல் அப்பாதையின் மிச்சத்தைத் தேடுவது நமக்கு ஒரு பழக்கம்.

தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அக்கடமை இடம்பெற்றுள்ளது. நல்ல சட்டமே. ஆனால் வீடு தொழிலாளிக்கு உரியது; மனிதனுக்கு உரியதன்று. தொழில் நின்ற அன்று வீடும் நிற்கும். குடும்பத்தில் மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால், அவர்கள் பெயரில் வீடு தொடரும். முதியோரும் அதில் இருந்துகொள்ளலாம். வேலை செய்ய ஒருவரும் இல்லையேல், காலி செய்ய வேண்டும்.

நம் வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். தங்கை மணமாகிச் சென்றுவிட்டாள். நாமோ மெட்ரிக் தேறி ரெயில்வேக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் நம்மோடு படித்தவன். பரீட்சையில் தவறித் தோட்டத்திலேயே நின்றான். அவன் பெற்றோர் இன்று நிம்மதியாக அதே அறையில் இருக்கின்றனர். இதை ஐயா நம்மிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"ஏலே, அவன் மகன் தோட்டத்து வேலைக்குப் போறான், அவனுக்கு வீடு இருக்கு. எம் மகன் உத்தியோகத்துக்குப் போனான், எனக்கு வீடு இல்ல. கணக்கு சரியாத்தான இருக்கு?"

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம்மைப் படிக்க வைக்க அவர்கள் கட்டிய விலை பள்ளிக்கூடச் சம்பளம் மட்டுமே என்று இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தோம்.

மறுநாள் முதல் வீடு தேடத் தொடங்கினோம். பணிக்கொடைச் சட்டம் 1972ஆம் ஆண்டில் வந்தது. ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி என்பது அதன் கணக்கு. முப்பத்தெட்டு ஆண்டுக்கு 570 நாள் கூலி. இதை வைத்துக்கொண்டு மூணாற்றுப் பக்கத்தில் நிலம் கேட்டால், இரண்டு சென்டுக்குக்கூடக் கட்டி வரவில்லை. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிதான் என்பதை அன்பர்கள் அறிவீர்கள்.

இந்த விலைக்குக் காரணம் விளங்காததன்று. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை நிலம் இருந்தும் விற்பனைக்கு வருவது கொஞ்சமே. பெரும்பகுதி தோட்டங்களிடம் இருக்கிறது; 1971ஆம் ஆண்டுக் கண்ணன் தேவன் மலைச் சட்டத்தால் அரசாங்கம் மீட்டது ஒரு பகுதி; காடாகக் காக்கப்படுவது ஒரு பகுதி. மிஞ்சிய பட்டா நிலத்தைக் கேட்பவர்களும் குடியிருக்கக் கேட்பவர்களல்லர், தங்கும் விடுதி கட்டக் கேட்பவர்கள். விடுதிக்காரரோடு ஏலத்தில் நிற்க ஓய்வுபெற்ற தொழிலாளியால் ஆகுமா? மலிவாகக் கிடைத்த ஓரிரு இடங்களோ செங்குத்தான சரிவுகள். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சரிவான நிலத்தை எப்படி வாங்குவது? அந்தத் துயரத்தில் மிஞ்சிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் வழங்கப்பட்டன. சொந்த வீடு வருவதற்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

வீடற்றவர்க்கு வீடு கட்டக் கேரள அரசாங்கத்தின் 'லைஃப்' திட்டம் நான்கு லட்சம் ரூபாய் உதவி செய்கிறது. நிலமற்றவர்க்கு அடுக்குக் குடியிருப்புகளும் உண்டு. ஐயா அதற்கு மனுவே போடவில்லை. "மகன் சர்க்கார் உத்தியோகம், நமக்கு எப்படித் தருவாக?" என்பது அவர் எண்ணம். விசாரித்துச் சொல்ல நாம் அருகில் இல்லை.

இத்துன்பம் இம்மலைக்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த நம்மவர்க்கு, இந்திய உதவியோடு தனி வீடு கட்டித் தரும் வேலை நடந்து வருகிறது. திருநெல்வேலி மாஞ்சோலையில் 2024இல் தோட்டத்தை நிறுத்த முற்பட்டபோது தொழிலாளர்கள் முதலில் கேட்ட கேள்வியும் "எங்கே போவோம்?" என்பதே.

ஒரு வாரம் அலைந்த பின், பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கினோம். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் காலை வேளையில் எதிரே மேலேறிச் சென்றுகொண்டிருந்தன. 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன போடி ரெயில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியுள்ளது. ஊருக்கு வெளியே ஒரு தெருவில், மலையிலிருந்து ஓய்வுபெற்று இறங்கிய மூன்று குடும்பங்கள் இருப்பதாக அறிந்தோம். அத்தெருவிலேயே இரண்டரைச் சென்டில் இரண்டு அறை உள்ள ஓட்டுவீடு ஒன்று விலைக்கு இருந்தது. ஐயாவின் பணிக்கொடையும் சேமநிதியும், அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்ததும், நாம் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் கடனும் சேர்ந்தால் அதற்குக் கட்டி வரும். தொழிலாளர் சேமநிதி ஓய்வூதியத்தை 2025 ஜனவரி முதல் எந்த ஊர் பாங்கியிலும் பெறலாம் என்பதால் மாநிலம் மாறுவதிலும் தொல்லையில்லை.

ஐயா வீட்டை அதிகம் பார்க்கவில்லை. வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மேகத்துக்கு அங்கிட்டுத்தான் நம்ம லயம்" என்றார். சற்றுப் பொறுத்து, "பக்கத்து வீட்ல யாரு?" என்று கேட்டார். மலையில் தம்மோடு வேலை பார்த்தவரின் தம்பி என்று தெரிந்ததும், "சரி, முன்பணத்தக் குடு" என்றார். கல்பாத்தி மாமி கேட்ட அதே கேள்வியைத்தான் ஐயாவும் கேட்டார். பத்திரம் இருவர் பெயரிலும் ஆயிற்று.

டில்லிக்குத் திரும்பும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் குடியிருக்கும் ரெயில்வே குவார்ட்டர்ஸ் மட்டும் என்ன? ஓய்வு பெற்றால் நான்கு மாதம் சாதாரண வாடகையிலும், மேற்கொண்டு நான்கு மாதம் இருமடங்கு வாடகையிலும் இருக்கலாம். பிறகு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சுவர் உயரமாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் நாம் இருப்பதும் லயந்தான். வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும்.

கல்பாத்தியில் வீடு இருக்கிறது, மனிதர் இல்லை. மலையில் மனிதர் இருக்கின்றனர், வீடு இல்லை. முதுமைக்கு இரண்டும் வேண்டும்.

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பெற்றோர் இருக்கும் வீடு யார் பெயரில், எந்த நாள் வரையில் என்பதை அவர்கள் வேலையில் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும் வீட்டில் தாயாரின் பெயரும் இருக்கட்டும். பெற்றோர் தம் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதானால், கடைசிவரை தங்களைக் காக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. பெரிய வீட்டில் தனியே இருக்கும் தாயிடம் விற்கும்படி கூறுமுன், மச்சை யாருக்கேனும் கொடுக்கலாமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நண்பரிடம் மாமியின் செய்தியைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தேருக்கு ஊர் செல்ல இரண்டு டிக்கெட் எழுதித் தரும்படி கேட்டார்.